நாற்பத்தெட்டு நாள் இருமல்

துப்புவதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அருவருப்பாக இருந்தால் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் கிரஷரில் வேலை பார்த்தவனுக்குத் துப்புவது சின்ன விஷயம் அல்ல. நார்த்தாமலையிலிருந்து கொஞ்சம் தள்ளி, பாறைக்காட்டுக்கு நடுவில் இருந்தது எங்கள் கிரஷர். சாயங்காலம் மோட்டார் நின்றதும் நாங்கள் பன்னிரண்டு பேரும் முதலில் போய் நிற்கும் இடம் தண்ணீர்த் தொட்டிதான். சம்பள நாளில்கூட முதலில் அங்கேதான்.

அதற்கென்று ஒரு முறை இருந்தது. முதல் கொப்பளிப்பு வாய்க்கு. சாம்பலைக் கரைத்தது போல வரும், அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. இரண்டாவது தொண்டைக்கு. பிறகு ஆளுக்கொரு வெல்லக்கட்டி. வெல்லம் தூசியை இழுத்துக்கொண்டு வயிற்றுக்குள் இறங்கிவிடும், வயிற்றுக்குள் போனது மறுநாள் காலையில் வெளியே போய்விடும் என்பது கிரஷர் சாஸ்திரம். வெல்லத்தைச் சப்பி முடித்ததும் அடிநெஞ்சிலிருந்து காறி மூன்றாவது துப்பு. அதை மட்டும் தொட்டியோரம் கிடந்த பலகைக்கல்லில் துப்பிவிட்டுக் குனிந்து பார்ப்போம். தெளிவாக இருந்தால் நெஞ்சு சுத்தம். கறுப்பாகக் கீற்றுக் கீற்றாக ஓடினால் உள்ளே இன்னும் கிடக்கிறது என்று அர்த்தம். அவனவன் துப்பியதை மட்டும் பார்த்துவிட்டுப் போகிற பழக்கம் இல்லை, அடுத்தவனுடையதையும் எட்டிப் பார்த்து ஒரு கிண்டல் செய்துவிட்டுத்தான் சைக்கிளை எடுப்போம்.

இந்தச் சாஸ்திரத்தில் பெரிய பண்டிதன் நான்தான். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். வெளிநாட்டுக்குப் போகலாம் என்று அலைந்து, விசா கிடைக்காமல், கிரஷருக்கு ஆபரேட்டராக வந்து சேர்ந்தவன். மற்றவர்கள் எட்டாவது, பத்தாவது. அதனால் ஊசி போடலாமா, மாத்திரை வாங்கலாமா, எந்த டாக்டரிடம் போகலாம் என்பதுவரை என்னிடம்தான் கேட்பார்கள். எனக்கும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் கால் வைத்தியன்கூடக் கிடையாது.

கிரஷர் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். குவாரியில் வெடி வைத்துப் பிளந்த கல்லை டிப்பர் கொண்டுவந்து கொட்டும். ஜா என்று ஒரு இரும்புத் தாடை அதை மெல்லும். மென்றதை பெல்ட் மேலே தூக்கிக்கொண்டு போய்ச் சல்லடையில் போடும். சல்லடை ஆடி ஆடிப் பெரிய ஜல்லி, சின்ன ஜல்லி, பொடி என்று தனித்தனியாகப் பிரித்துக் குவிக்கும். நான் கண்ணாடி போட்ட கேபினுக்குள் உட்கார்ந்துகொண்டு எந்த பெல்ட்டை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்று பொத்தானை அமுக்குகிறவன். வேலை எளிது என்று நினைக்க வேண்டாம், கண் ஒரு நிமிடம் நகரக்கூடாது.

என் மச்சானுக்குக் கேபின் கிடையாது. என் மனைவியின் அண்ணன் அவன். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவன் என்பதால் வா, போ என்றுதான் பேசிக்கொள்வோம். அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். பெல்ட்டுக்கும் சல்லடைக்கும் அடியில் சிந்துகிற பொடியை மண்வெட்டியால் அள்ளி மறுபடி பெல்ட்டில் போடுவது அவன் வேலை. கல்லின் மேல் தண்ணீர் தெளிக்கிற குழாய் இருந்தது. மாசிக்குமேல் போர்வெல்லில் தண்ணீர் குறைந்ததும் அது நின்றுவிடும். அப்போது கேபினிலிருந்து பார்த்தால் தூசிக்குள் மண்வெட்டி தெரியும், ஆள் தெரியாது.

மச்சான் ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி குடிப்பான். மூன்றாவது துப்பில் அவனுக்குப் பெரிதாக ஒன்றும் வராது. எனக்கும் வராது. எனக்கு வராததற்குக் கண்ணாடி காரணம். அவனுக்கு வராததற்கு நெஞ்சுரம் காரணம் என்று நாங்களே சொல்லிக்கொண்டோம்.

இரண்டாவது பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் மலைக்கு மாலை போடுகிறேன் என்று அவன் நேர்ந்துகொண்டிருந்தான். அந்த வருடம் கார்த்திகை முதல் தேதி மாலை போட்டான். எங்கள் பக்கம் மாலை போட்டவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, குழந்தையாக இருந்தாலும் சாமிதான். நேற்றுவரை வாடா போடா என்றவனெல்லாம் “சாமி, மண்வெட்டிய அங்கிட்டு வைங்க சாமி” என்றான். வெறுங்கால், குளிர்ந்த தண்ணீரில் குளியல், ஒரு வேளை சாப்பாடு. பீடி அறவே கிடையாது. நாற்பத்தெட்டு நாளும் சுத்தமாக இருந்துவிட வேண்டும் என்று அவன் ஒற்றைக் காலில் நின்றான். முதல் வாரம் எதற்கெடுத்தாலும் கோபம் வந்தது. பொறுத்துக்கொண்டான்.

பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ இருமல் வந்தது. சாதாரண இருமல் இல்லை. விடிந்ததும் அரை மணி நேரம், சாயங்காலம் தொட்டியடியில் கால் மணி நேரம். மூன்றாவது துப்பு கெட்டியாக, உள்ளே கறுப்பு நூலை இழைத்தது போல வந்தது. நாங்கள் எல்லோரும் பலகைக்கல்லைச் சுற்றி நின்று பார்த்தோம். “சாமி, உள்ள தனியா ஒரு கிரஷரே ஓடுது போல சாமி” என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை.

அன்றைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது என்னிடம் சொன்னான். “மாப்ள, பீடி குடிச்சப்பகூட இப்புடி வரல. விட்ட பெறகுதான் வருது. என்னமோ பயமா இருக்கு.”

நான் ஒரு நொடிகூட யோசிக்காமல் பதில் சொன்னேன். “ஒண்ணுமில்ல சாமி. ஒடம்பு பழகிப்போச்சு. திடீர்னு நிறுத்துனா ஏத்துக்காது. இவ்வளவு நாளா புகை உள்ள போயி தூசியப் பொசுக்கிக்கிட்டு இருந்துச்சு, இப்ப பொசுக்க ஆளில்ல.” எங்கே படித்தேன் என்று கேட்காதீர்கள். எங்கும் படிக்கவில்லை. அந்த நிமிடத்தில் வாயில் வந்தது. சொன்ன பிறகு எனக்கே அது அறிவியல் போலத் தெரிந்தது.

மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றினான். மறுநாள் வேலைக்கு வந்தபோதும் இருமல் விடவில்லை. சாயங்காலம் தொட்டியடியில், “விட்டது விட்டதாவே இருக்கட்டுமா மாப்ள?” என்று என்னைப் பார்த்துக் கேட்டான். அவன் மனைவி, என் மனைவி, இரண்டு பேருமே அவன் பீடியை விட்டதில் குளிர்ந்துபோய் இருந்த நேரம் அது. நான் பீடி குடிக்காதவன். அப்படியிருந்தும் பக்கத்தில் நின்றவனின் கட்டிலிருந்து ஒன்றை உருவி, மச்சான் வாயில் வைத்து, நானே தீக்குச்சியைக் கிழித்தேன். “குடி. இருமல் நிக்குதா இல்லையான்னு ஒரு வாரம் பாப்போம்” என்றேன்.

ஒரு வாரத்தில் நின்றது. மூன்றாவது துப்பு தண்ணீர் போலத் தெளிந்தது. பலகைக்கல்லைச் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். படித்தவன் படித்தவன்தான் என்றார்கள். அதற்குப் பிறகு பீடியை விட்டுவிட்டு இருமலோடு வந்த இன்னும் இரண்டு பேருக்கும் நான் அதே வைத்தியத்தைச் சொன்னேன். அவர்களுக்கும் நின்றது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

இரண்டு வருடம் ஓடியது. மச்சானுக்கு இருமல் இல்லை, சளி இல்லை, காய்ச்சல் இல்லை. மூச்சுதான் கொஞ்சம் வாங்கியது. மேட்டில் சைக்கிளைத் தள்ளும்போது நடுவில் நின்றான். பிறகு சமதரையிலும் நின்றான். நிற்பதற்கு ஒரு சாக்கு வைத்திருப்பான்: செருப்பில் முள், போனில் யாரோ. மண்வெட்டி நிறைய அள்ளியவன் பாதி அள்ளினான். “நாப்பத தாண்டிட்டம்ல மாப்ள” என்பான். நான் பலகைக்கல்லைக் காட்டி, “நெஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கு, பெறகென்ன” என்பேன். அவன் தலையாட்டுவான். அவனுக்குத் தன் மூச்சைவிட என் வாக்கு பெரிதாக இருந்தது.

ஒருநாள் பஞ்சாயத்து ஆபீஸ் பக்கம் எக்ஸ்ரே வண்டி வந்தது. டிபி இருக்கிறதா என்று பார்க்கிற வண்டி. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவர்கள் வாருங்கள் என்று மைக்கில் சொன்னார்கள். “எனக்கு இருமலே இல்லைங்க” என்று மச்சான் ஒதுங்கப் பார்த்தான். கிரஷர் ஆட்கள் என்றால் இருமல் இல்லாவிட்டாலும் எடுத்துவிடுவோம் என்று எல்லோரையும் வரிசையில் நிறுத்திவிட்டார்கள். சட்டையைக் கழற்றி, நெஞ்சைப் பலகையில் ஒட்டி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னபோது மச்சானால் பிடிக்க முடியவில்லை. மூன்று முறை எடுத்தார்கள். மூன்றாவது முறை வெளியே வந்தவன் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு முதல்முதலாகப் பயம் தட்டியது.

அடுத்த வாரம் போன் வந்தது. மச்சானைப் புதுக்கோட்டைக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். யாராவது ஒருத்தர் கூட வாங்க என்றும் சொன்னார்கள். அந்த இரண்டாவது வாக்கியம்தான் என்னை உலுக்கியது. கூட ஆளை வரச் சொன்னால் அது எங்கள் ஊரில் நல்ல சேதி இல்லை.

என் பைக்கில் போனோம். வழி முழுக்க என் தோளைப் பிடித்திருந்த மச்சானின் கை இறுகிக்கொண்டே இருந்தது. நெஞ்சுநோய்ப் பிரிவில் ஒரு பெண் டாக்டர், வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும், படத்தை வெளிச்சத்தில் மாட்டியிருந்தார். நுரையீரல் இருக்க வேண்டிய இடத்தில், மேல்பக்கம் முழுக்க, பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளிகள். எனக்கு எக்ஸ்ரே படிக்கத் தெரியாது. ஆனால் சல்லடைக்குக் கீழே குவிகிற பொடியை நாள் முழுக்கப் பார்க்கிறவன் நான். அது என்ன என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

மச்சானைக் குழாயில் ஊதிப் பார்க்கிற பரிசோதனைக்கு வேறு அறைக்கு அனுப்பினார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் என்னிடம் விசாரித்தார். எத்தனை வருசமா வேலை, முகத்தில் என்ன கட்டுவார், பீடி உண்டா, சளி வருமா? கடைசிக் கேள்விக்கு நான் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னேன். “சளியே இல்லைங்க டாக்டர். தெனமும் நாங்களே பாப்போம். ரெண்டு வருசமா சுத்தமா இருக்கு.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “நீங்க என்ன வேலை பாக்குறீங்க?”

“ஆபரேட்டருங்க. பெல்ட்டு, ஜா எல்லாம் ஓட்டுறது.”

“அப்ப ஒங்களுக்கு ஈசியாப் புரியும். மூச்சுக்குழாய் உள்சுவர் பூரா கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன முடி இருக்கு. அதுக்கு மேல பசை மாதிரி ஒரு ஈரம். உள்ள வர்ற தூசி அந்த ஈரத்துல ஒட்டிக்கும். முடியெல்லாம் ஒரே பக்கமா அசைஞ்சு அசைஞ்சு அத மேல தள்ளிக்கிட்டே வரும். தொண்டைக்கு வந்ததும் முழுங்கிடுவோம், இல்லாட்டித் துப்பிடுவோம். பகலும் ராத்திரியும் நிக்காம ஓடுற பெல்ட்டு. பீடிப்புகை, டீசல்புகை, அடுப்புப்புகை எது பட்டாலும் அந்த முடி மடங்கிப் படுத்துரும். பெல்ட்டு மெதுவாகும். அப்புறம் நின்னுரும்.” பிறகு என்னிடமே கேட்டார். “பெல்ட்டு நின்னு ஜா மட்டும் ஓடுனா என்ன ஆகும்?”

அந்தக் கேள்விக்குப் பதில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இந்த ஜில்லாவில் யாரும் இருக்க முடியாது. பெல்ட்டின் நுனியில் கல் விழவில்லை என்றால் எந்த ஆபரேட்டரும் ஆகா, சுத்தமாகிவிட்டது என்று கைதட்ட மாட்டான். பொத்தானை அமுக்கிவிட்டுக் கேபினிலிருந்து குதித்து ஓடுவான். ஏனென்றால் மேலே வராத கல் கீழே குவிந்துகொண்டிருக்கிறது. பதினோரு வருடம் கிரஷர் பெல்ட்டுக்கு அப்படி ஓடியவன், மச்சானின் நெஞ்சில் நுனி காலியாக இருப்பதைப் பார்த்துக் கைதட்டியிருக்கிறேன்.

டாக்டர் மேலே சொல்லிக்கொண்டே போனார். கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடுமாம். கண்ணுக்குத் தெரியாத பொடிதான் அடிவரைக்கும் போகுமாம். அங்கே பெல்ட்டே கிடையாது. தூசியைத் தின்பதற்கென்று சில உயிரணுக்கள் அங்கே காவல் இருக்கின்றன, தின்றுவிட்டு மெதுவாக நகர்ந்து பெல்ட்டுக்கு வந்து சேரும். ஆனால் கல்லுத்தூசியைத் தின்றால் அவையே செத்துவிடும், செத்த இடத்தில் தழும்பு விழும், தழும்பு விழுந்த இடத்தில் மூச்சு நுழையாது. வெல்லத்தைப் பற்றிக் கேட்டேன். “வெல்லம் போற குழாய் வேற, மூச்சு போற குழாய் வேற” என்றார். இது எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்தது.

அப்புறம்தான் கேட்கக்கூடாததைக் கேட்டேன். மாலை போட்டிருந்த நாற்பத்தெட்டு நாளில் வந்த இருமலைப் பற்றிச் சொன்னேன். மறுபடி பீடி குடித்ததும் நின்றதையும் சொன்னேன். பீடியைப் பற்றவைத்தது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

டாக்டர் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னார். “அதுனாலதான்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேங்க. கல்லுத்தூசி எப்புடியும் கல்லுத்தூசிதான், பீடி குடிக்காதவருக்கும் இந்த நோய் வரும். ஆனா பீடிய விட்டா படுத்த முடியெல்லாம் மறுபடி எந்திரிக்கும். எந்திரிச்சதும் கெடந்ததையெல்லாம் மேல தள்ளும். அப்பதான் இருமல் வரும், கறுப்பா சளி வரும். அந்த நாப்பத்தெட்டு நாளுதான் அவருக்கு உள்ள வேலை நடந்துருக்கு.”

“இப்ப உள்ள இருக்குறத எடுக்க மருந்து?”

“இல்லைங்க. தழும்பு விழுந்தது விழுந்ததுதான். இனிமே உள்ள போகாமப் பாக்கலாம். பீடி கூடாது, அந்த வேலை கூடாது. இந்த நோய் இருந்தா டிபி சுலபமா வரும், அதையும் கவனிச்சுக்கிட்டே இருக்கணும்.”

எனக்கும் ஒரு படம் எடுத்தார்கள், இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். கண்ணாடி காப்பாற்றியிருக்கிறது. அந்த ஆறுதலை அனுபவிக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

மச்சான் குழாயில் ஊதிவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான். “பலூன் ஊதுற மாதிரி ஊதச் சொல்றாங்க மாப்ள. மூணு தடவ ஊதியும் அந்தப் பொண்ணு இன்னும் இன்னும்ங்குது.” நெற்றியில் நரம்பு புடைத்திருந்தது. டாக்டர் அவனிடம் நோயைப் பக்குவமாகச் சொன்னார், வேலையை விடச் சொன்னார், பீடியை விடச் சொன்னார். அவன் எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்றான். நாற்பத்தெட்டு நாளைப் பற்றி டாக்டர் மறுபடி பேச்செடுக்கவில்லை. சொல்வதும் சொல்லாததும் என் கையில் இருந்தது.

திரும்பும் வழியில் ஊருக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். டீ வருவதற்குள் மச்சான் வழக்கம்போல மடியிலிருந்து பீடிக்கட்டை எடுத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இதுதான் கடைசி. டாக்டரம்மா சொன்னதும் விடணும்னா எப்புடி, ஒரு முறை இருக்குல்ல” என்றான். நெருப்புக்கு என்னைப் பார்த்தான். நான் பீடி குடிக்காவிட்டாலும் கேபினில் சாமி படத்துக்கு விளக்கேற்ற ஒரு தீப்பெட்டி எப்போதும் என் பையில் இருக்கும், அது அவனுக்குத் தெரியும். என்னால் எடுக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அன்றைக்கு வந்த இருமல் நல்ல இருமல், அதை நிறுத்தியது நான், ஒரு வாய்ப்பு இருந்தது, அதையும் அடைத்தவன் நான்தான் என்று டீக்கடை என்றும் பாராமல் சொன்னேன். சொல்லும்போது அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன், முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் டீயை ஆற்றினான். “நீ பத்த வச்சப்ப ஒனக்கு இது தெரியாதுல்ல?”

“தெரியாது.”

“பெறகென்ன. வா, போவோம். இருட்டுறதுக்குள்ள ஆட்டப் புடிச்சுக் கட்டணும்.”

என்னை அடித்திருக்கலாம். நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கலாம். பெறகென்ன என்று அவன் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “எங்க அண்ணன் ஒங்கள நம்புனுச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மச்சான் கிரஷரை விட்டான். ஆடு மேய்க்கிறான், ஒரு பள்ளிக்கூடத்தில் பகல் காவல் பார்க்கிறான். நான் இன்னும் ஒரு மாதம் இருந்தேன். அந்த ஒரு மாதமும் மூன்றாவது துப்பு பொய் என்று ஒவ்வொருவனிடமும் சொன்னேன். பெல்ட்டை வைத்துச் சொன்னால் எல்லோருக்கும் உடனே புரிந்தது. ஆனால் புரிந்த பிறகும் சாயங்காலம் பழக்கத்தில் குனிந்து பார்த்தார்கள். முதலாளியிடம் கோடையிலும் தண்ணீர்க் குழாய் ஓட வேண்டும் என்று சண்டை போட்டேன். டேங்கர் வாங்குகிறேன் என்றார். நான் விலகும்வரை வாங்கவில்லை. இப்போது புதுக்கோட்டையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற கடையில் இருக்கிறேன்.

பீடியை விட்ட மூன்றாவது வாரம் மச்சானுக்கு மறுபடி இருமல் தொடங்கியது. அவன் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறது. காலையில் பல் தேய்க்கும்போது எனக்குக் கேட்கும். முதல் நாள் கேட்டபோது சந்தோஷப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். பெல்ட் ஓடுகிறது, ஓடட்டும் என்று என் மனைவியிடம்கூடச் சொன்னேன். ஆனால் நாள் ஆக ஆக அது நீண்டது. நடுவில் மூச்சு எடுக்க இடமில்லாமல் இருமுகிறான். கேட்கிறபோதெல்லாம் டாக்டர் கடைசியாகச் சொன்னது ஞாபகத்துக்கு வருகிறது. முடி எழுந்து வேலை செய்தாலும் இருமல் வரும், நோய் முற்றினாலும் இருமல் வரும், டிபி வந்தாலும் வரும். காது கொடுத்துக் கேட்டுப் பிரிக்க முடியாது. ரத்தமோ காய்ச்சலோ கண்டால் உடனே வர வேண்டும், இல்லாவிட்டாலும் இருமல் தொடங்கினால் சளியைச் சோதிக்கக் கொடுக்க வேண்டும். சளியைக் கொடுத்துவிட்டு வந்தோம். முடிவு சொல்லவும் படம் எடுக்கவும் வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சானின் மனைவி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவன் பீடி குடிப்பதற்காக எத்தனையோ நாள் சண்டை போட்டு, சோறு ஆக்காமல் படுத்துக்கொண்டவள். அவள் கையில் ஒரு புதுப் பீடிக்கட்டு இருந்தது. கடைக்குப் போய் அவளே வாங்கியிருக்கிறாள்.

“அண்ணே, விடிஞ்சதுலருந்து இருமுறாரு. புள்ளைக ரெண்டும் பயந்துபோயி மூலையில ஒக்காந்துருக்குதுக. கேக்க முடியலண்ணே. அன்னைக்கு நீங்க பத்த வச்சுக் குடுத்துத்தான நின்னுச்சு? ஒண்ணே ஒண்ணு குடுங்கண்ணே. வியாழக்கெழம வரைக்கும் தாங்குனாப் போதும்.”

“வேணாம் தங்கச்சி” என்றேன். வாசலில் கிடந்த செருப்பைக்கூடப் போடாமல் அவளோடு நடந்தேன்.

மச்சான் கட்டிலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். கீழே மணல் போட்ட ஒரு சட்டி. நான் அதைப் பார்த்தேன். கறுப்பு இருந்தது. சிவப்பு இல்லை. நெற்றியைத் தொட்டேன், சுடவில்லை. இந்த இரண்டைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு இப்போதே போய்விடலாமா என்று கேட்டேன். நாலு நாள் இருக்கிறதே என்பதுபோல விரலைக் காட்டினான். பிறகு மனைவியின் கையிலிருந்த கட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“நீயே சொல்லு மாப்ள. ஒண்ணு பத்த வைக்கவா, வேணாமா? நீ சொன்னா சரி.”

பள்ளிக்கூடத்தில் கேட்ட கேள்விக்கெல்லாம் டக்கென்று கையைத் தூக்கியவன் நான். கிரஷரிலும் அப்படித்தான். என் வாழ்க்கையில் ஒரு கேள்விக்கு இத்தனை நேரம் பதில் சொல்லாமல் நின்றது அன்றைக்குத்தான். வேண்டாம் என்று சொன்னேன். ஏன், எதற்கு என்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனைவியின் கையிலிருந்து கட்டை வாங்கி என் கையில் வைத்துவிட்டு மறுபடி இரும ஆரம்பித்தான். ஒவ்வொரு இருமலுக்கும் நடுவில் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தான். அதில் பயம் தெரிந்துவிடக்கூடாதே என்று, “வரட்டும் மச்சான், வரட்டும்” என்று சொல்லிக்கொண்டே அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.